கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லையா? வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

கழுத்தெலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்கு வருகிறவருக்குச் சமைத்துப் போடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியே வயதானவர். கை மரத்து, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாத நிலை வந்தபோது, கழுத்தில் இரண்டு இடத்தில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்புகளை இணைத்துத் தகடு வைத்தார்கள். கை தேறியது. ஆனால் தண்ணீர் குடித்தால் இருமல், சோறு சாப்பிட்டால் தொண்டையிலேயே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் ‘சாஃப்ட் டயட்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை, பேச்சோடு விழுங்குவதையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் எதிரில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எலும்பு பின்கழுத்தில் இருக்க, தொண்டை ஏன் கெடுகிறது? இந்த ஆபரேஷனைப் பெரும்பாலும் முன்கழுத்து வழியாகத்தான் செய்கிறார்கள். எலும்புக்கு நேர் முன்னால் உணவுக்குழாய், அதற்கு முன்னால் மூச்சுக்குழாய். இரண்டையும் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் டாக்டர் டிஸ்க்கை எடுக்க முடியும். அவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்த இடம் வீங்கும். குரல்நாணை அசைக்கும் நரம்பும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது, அதுவும் இழுபட்டால் குரல் கம்மிவிடும். மயக்க மருந்துக்காகத் தொண்டையில் விட்ட குழாயும் புண்ணாக்கியிருக்கும். ஒரு டிஸ்க்கைவிட இரண்டு மூன்று டிஸ்க் செய்தவர்களுக்கும், ஏற்கெனவே அதே இடத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், வயதானவர்களுக்கும் சிரமம் கூடுதல். பின்கழுத்து வழியாகச் செய்தவர்களுக்கு இது குறைவு.

வீக்கம் ஆபரேஷன் அன்றே உச்சத்துக்குப் போவதில்லை, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கூடும். பலர் வீட்டுக்கு வருவதும் அந்தச் சமயத்தில்தான். “ஆஸ்பத்திரியில் நன்றாகச் சாப்பிட்டாரே, வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி?” என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும், மூன்று மாதத்துக்குள் நன்றாகத் தேறிவிடும். சிறு பங்கினருக்கு மட்டும் அதற்கும் மேல் நீடிக்கிறது.

ஆனால் இந்த அறிகுறிகள் வந்தால் காத்திருக்கக் கூடாது: கழுத்து முன்பக்கம் திடீரென்று புடைத்து இறுகுவது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருவது, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பது, சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல் வழியவிடுவது. உள்ளே இரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெருக்கலாம். முதல் ஓரிரு நாளில் இதற்கு வாய்ப்பு அதிகம். அவசர எண் 999-க்கு அடியுங்கள், காலை கிளினிக் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சலோடு கழுத்து வலி கூடினாலும், தையலில் நீர் கசிந்தாலும், கழுத்துத் தோலைத் தொட்டால் நொறுநொறு என்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உணவுக்குழாயில் ஓட்டை விழுவது அபூர்வம், ஆனால் விழுந்தால் ஆபத்து.

முதலில் எந்தச் சிரமம் என்று கண்டுபிடியுங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். விழுங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் உடனே எல்லாவற்றையும் தண்ணியாகக் கரைத்துக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். சிலருக்கு அதுவே கெடுதல். ஏனென்றால் சிரமம் இரண்டு வகை.

ஒன்று, சிக்குவது. சோறு, ரொட்டி, இறைச்சி, மாத்திரை போன்றவை தொண்டையில் நின்றுகொள்ளும். இரண்டு மூன்று தடவை விழுங்கினால்தான் இறங்கும். தண்ணீர் பிரச்சினை இல்லாமல் போகும். வீக்கத்தால் வழி குறுகியவர்களுக்கு இப்படி இருக்கும்.

இன்னொன்று, புரை ஏறுவது. தண்ணீர், கோப்பி, ரசம் என்று ஓடக்கூடிய எதுவும் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும், உடனே இருமல். குரல் கம்மியிருப்பவர்களிடம் இதைக் கவனமாகப் பாருங்கள். குரல்நாண் சரியாக மூடவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குக் காவல் குறைவு, இருமலுக்கும் வலு இருக்காது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டும் இருந்தன. அப்படி இருப்பவர்களும் உண்டு. அதனால் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து, என்ன சாப்பிட்டார், சிக்கியதா, இருமினாரா, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். தெரபிஸ்ட்டிடம் “சாப்பிடவே முடியல” என்று சொல்வதைவிட, “இட்லி இறங்குது, வெறும் தண்ணீருக்கு இருமுறார்” என்று சொன்னால் அவருக்கு வேலை சுலபம்.

இருமல் இல்லாமலேயே உள்ளே இறங்குவதும் உண்டு. ஒரு வாய் குடித்த பிறகு “ஆ” என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரலில் தண்ணீர் கொளகொளப்பது போல் கேட்டால் ஏதோ மிச்சம் அங்கே நிற்கிறது என்று பொருள். சளி கூடுவது, சாப்பிட்டபின் மூச்சு வாங்குவது, காய்ச்சல் விட்டு விட்டு வருவது எல்லாம் நுரையீரலுக்குள் உணவு போகிறது என்பதற்கான எச்சரிக்கை. இதைக் கண்டால் வாய்வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

புரை ஏறினால் நாம் என்ன செய்வோம்? யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே உச்சந்தலையில் தட்டுவோம், முதுகில் ஓங்கி அடிப்போம். இவருக்கு அதைச் செய்யவே கூடாது. புதிதாகத் தகடும் திருகாணியும் வைத்த கழுத்து அது. இருமல் வருகிறது என்றால் காற்று போகிறது, அவரே இருமித் தள்ளட்டும். கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, பக்கத்தில் அமைதியாக நில்லுங்கள். உடனே தண்ணீர் கொடுக்காதீர்கள். சத்தமே வராமல், மூச்சும் போகாமல், முகம் நீலம் பாய்ந்தால் அது வேறு கதை. அப்போது உயிர்தான் முதல், 999-ஐக் கூப்பிட்டுவிட்டு முதலுதவியைத் தொடங்க வேண்டும். எப்படிச் செய்வது என்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன்பே தாதியிடம் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லா நேரமும் தமிழ் தெரிந்தவர் இருக்கமாட்டார். மலாயில் விழுங்கக் கஷ்டம் என்பதற்கு ‘சூசா தெலான்’, சிக்குகிறது என்பதற்கு ‘தெர்சாங்குட்’, புரை ஏறுகிறது என்பதற்கு ‘தெர்செடாக்’. இந்த மூன்றையும் நோயாளிக்கே சொல்லிக்கொடுத்து வையுங்கள். இரவில் வார்டில் நாம் இருக்கமாட்டோம்.

அடுப்படி வேலை

சாப்பாட்டின் பதத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஓர் அளவு இருக்கிறது, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்கிறார்கள். 0 முதல் 7 வரை எண். 0 வெறும் தண்ணீர், 4 மசித்துக் கூழாக்கியது, 5 பொடியாக நறுக்கி ஈரமாக வைத்தது, 6 மென்மையான சிறு துண்டு, 7 வழக்கமான சாப்பாடு. உங்களவருக்கு எந்த எண், குடிப்பதற்கு எந்த எண், சாப்பிடுவதற்கு எந்த எண் என்று ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ‘சாஃப்ட்’ என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

வீட்டில் சோதிக்க ஒரு முள்கரண்டியும் ஒரு தேக்கரண்டியும் போதும். 5-ஆம் எண் என்றால் முள்கரண்டியின் பல் இடைவெளிக்குள் போகிற அளவு, சுமார் 4 மில்லிமீட்டர். 6-ஆம் எண் என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும், கரண்டியை எடுத்த பிறகு பழைய உருவத்துக்கு மீளக் கூடாது. 4-ஆம் எண் கூழைத் தேக்கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் மொத்தமாக விழ வேண்டும். கரண்டியில் பசையாக அப்பிக்கொண்டால் தொண்டையிலும் அப்பிக்கொள்ளும்.

இந்தப் பசைதான் சோற்றில் பெரிய தொல்லை. வடித்த சோற்றை அப்படியே பிளண்டரில் அடித்தால் பசையாகிவிடும். நான் செய்வது இப்படி. நொய்யரிசி ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், தண்ணீர் எட்டு கப், சிறுதீயில் முழுக்கக் குழைய விடுவேன். சூடாக இருக்கும்போதே இரண்டு கரண்டி நெய் அல்லது கொஞ்சம் பால் விட்டு அடித்து, கம்பிச் சல்லடையில் வடித்தெடுப்பேன். கெட்டியான தோசை மாவு பதத்தில் நிற்க வேண்டும். ஆற ஆற இன்னும் இறுகும், அதனால் கொடுக்கும் நேரத்தில் சுடுநீர் சேர்த்துப் பதத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். அடிக்காத கஞ்சியைக் கிண்ணத்தில் வைத்தால் சிறிது நேரத்தில் மேலே தண்ணீர், கீழே பருக்கை என்று பிரிந்துவிடும். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் இன்னும் சீக்கிரம் நீர்த்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது அதனால்தான்.

தண்ணீரும் துண்டும் கலந்த உணவு மிகச் சிக்கலானது. ரசம் சோறு, ஜவ்வரிசிப் பாயசம், பாலில் ஊறிய கார்ன்ஃப்ளேக்ஸ், செண்டோல், சூப்பில் மிதக்கும் மீ (நூடுல்ஸ்) எல்லாம் இந்த வகைதான். துண்டை வாய் மெல்லும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். தர்பூசணியும் அப்படித்தான், கடித்தவுடன் சாறு விடும். புரை ஏறுகிறவருக்கு ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாய்க்குள் போனதும் தண்ணீர்தான்.

இட்லியைச் சாம்பாரில் நன்றாக ஊறவைத்து மசித்து, மிச்சச் சாம்பாரைச் சாய்த்துவிட்டுக் கொடுங்கள். புட்டு, வடை, முறுக்கு, அப்பளம், பிஸ்கட் உதிரும், வேண்டாம். ரொட்டி சானாய் எவ்வளவு குழம்பில் ஊறினாலும் அதன் அடுக்கு நாராகவே நிற்கும், வெள்ளை ரொட்டி வாயில் உருண்டையாகிவிடும். முருங்கைக்காய், கீரைத்தண்டு, பலாச்சுளை எல்லாவற்றிலும் நார். கீரையை வேகவைத்து அரைத்துப் பருப்போடு சேர்க்கலாம். பழத்தில் கனிந்த பப்பாளி, மசித்த வாழைப்பழம். காரமும் புளியும் புண்ணான தொண்டையை எரிக்கும், முதல் சில வாரம் மஞ்சள், சீரகம், நெய் வாசனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பை மட்டும் மறக்காதீர்கள். சப்பென்று இருந்தால் அவர் இரண்டு வாயோடு போதும் என்பார்.

காயம் ஆறப் புரதம் வேண்டும். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பு இளைத்துவிடும். ஆவியில் வேகவைத்த முட்டை, மென்மையான தவ்பூ (சோயாக் கட்டி), கடைகளில் விற்கும் தவ்பூஃபாவைப் பாகு இல்லாமல், கெட்டித் தயிர், மீன் என்று மாற்றிக் கொடுங்கள். மீனில் சியாக்காப் அல்லது தெங்கிரியின் சதையை எடுத்து, கையால் தடவி முள் பார்த்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்து அரைப்பேன். கெம்போங் மீன் ருசிதான், ஆனால் முள் அதிகம்.

ஆபரேஷன் என்று கேட்டதும் எல்லாரும் ஹாருவான் சூப் கொண்டுவருவார்கள், நம் விரால் மீன்தான். நல்ல எண்ணத்தோடு கொண்டுவருகிறார்கள், மறுக்க வேண்டாம். ஆனால் அந்தத் தெளிந்த சூப்பும், கோழி எசன்ஸும், 100 பிளஸ் பானமும் தண்ணீர் வகை. புரை ஏறுகிறவருக்கு அப்படியே கொடுக்கக் கூடாது. ஹாருவானின் சதையை முள் நீக்கிக் கஞ்சியோடு அரையுங்கள், சத்து முக்கியமாக அதில்தான் இருக்கிறது.

குடிக்கும் தண்ணீரைக் கெட்டியாக்க ஃபார்மசியில் திக்கனர் மாவு கிடைக்கும். தெரபிஸ்ட் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும் போடுங்கள். அதன் ருசி பிடிக்காமல் பலர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் தண்ணீரில் கரைக்கும் பொடி மருந்துகளில் சில, ஸ்டார்ச் வகைத் திக்கனரோடு சேர்ந்தால் மறுபடியும் தண்ணியாகிவிடும். இரண்டும் உபயோகிக்கிறவர் ஃபார்மசிஸ்ட்டிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உட்காரும் விதமும் சாப்பிடும் விதமும்

கட்டிலில் சாய்ந்தபடி சாப்பிடக் கூடாது. நாற்காலியில் நேராக, இரண்டு பாதமும் தரையில். தட்டை உயரமாக வையுங்கள், கழுத்துப் பட்டையோடு குனிந்து பார்க்க முடியாது. பட்டை முகவாயை மேலே தூக்கிப் பிடித்திருந்தால் விழுங்குவது இன்னும் கடினமாகிவிடும். ஆனால் நாமாகக் கழற்றக் கூடாது. சாப்பிடும் நேரத்தில் தளர்த்தலாமா, வேறு அளவு வேண்டுமா என்று ஸ்பைன் டாக்டரிடம் கேளுங்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு அளவு சின்னதாக மாற்றியதிலேயே வித்தியாசம் தெரிந்தது.

ஒரு வாய்க்குத் தேக்கரண்டியில் பாதி. விழுங்கியபின் எச்சிலை இன்னொரு தடவை விழுங்கட்டும், வாய் காலியானதும் அடுத்தது. டிவி வேண்டாம், பேச்சுக் கொடுக்க வேண்டாம். நலம் விசாரிக்க வந்தவர்களைச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் உட்காரவையுங்கள், “அவர் பசியாறிட்டு வருவார்” என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அரை மணி நேரத்தில் களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். களைத்த தொண்டையில்தான் புரை ஏறும். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது.

பல் தேய்ப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வாயில் இருக்கும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம். காலை, இரவு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் வாய் சுத்தம். பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள்.

கைப்பேசியில் விழுங்கும் பயிற்சி என்று ஏராளமான வீடியோ வருகிறது. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பிடிப்பது, முகவாயை நெஞ்சில் அழுத்துவது, தலையை ஒரு பக்கம் திருப்பி விழுங்குவது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அவற்றில் சில உதவலாம். கழுத்தெலும்பை இப்போதுதான் இணைத்திருக்கும் ஒருவர் ஸ்பைன் டாக்டரும் தெரபிஸ்ட்டும் சொல்லாமல் இவற்றில் எதையும் செய்யக் கூடாது. இதில் நான் மிகவும் கண்டிப்பு.

மாத்திரையும் சர்க்கரையும்

பலருக்குச் சோற்றைவிட மாத்திரைதான் பெரிய போராட்டம். அம்மியில் பொடித்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் எல்லாவற்றையும் பொடிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர் என்று இருப்பவை மெதுவாகக் கரைய வேண்டியவை, பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் ஏறும். வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரைகளில் பலவும் மேல்பூச்சோடுதான் வேலை செய்யும். மொத்த மாத்திரையையும் ஒரு பையில் போட்டு ஃபார்மசி கவுன்டருக்குக் கொண்டுபோங்கள். எதைப் பொடிக்கலாம், எதற்குச் சிரப் உண்டு, எந்தக் கேப்சூலைத் திறக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தருவார்கள். பாரசெட்டமோல் சிரப்பாகவே கிடைக்கும். பொடித்ததைத் தண்ணீரில் கலக்காமல் ஒரு கரண்டி மசித்த வாழைப்பழத்திலோ தயிரிலோ வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். தயிரோ பாலோ சேரக் கூடாத மருந்தும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு குறைவு. சாப்பாடு பாதியானபின் பழைய அளவிலேயே இன்சுலின் ஊசியோ மாத்திரையோ போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். ஆபரேஷன் ஆன வாரமே டாக்டரிடம் அளவைக் கேளுங்கள், வீட்டு மீட்டரில் அடிக்கடி பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே வந்தால் வழக்கமாகச் சீனித் தண்ணீர் கொடுப்போம். புரை ஏறுகிறவருக்கு அதற்குப் பதிலாகக் குளுக்கோஸ் ஜெல் அல்லது தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மயங்கிக்கொண்டிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999.

எப்போது மேல்சோதனை கேட்பது

வாரம் ஒரு தடவை ஒரே தராசில் எடை பாருங்கள். எடை தொடர்ந்து இறங்கினாலும், இரண்டு மூன்று வாரமாகியும் முன்னேற்றமே இல்லை என்றாலும், தேறி வந்தவர் மறுபடி மோசமானாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போங்கள். குரல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டருக்குக் கடிதம் கேளுங்கள், குரல்நாண் அசைகிறதா என்று பார்ப்பார். விழுங்குவதைச் சோதிக்க இரண்டு வழி உண்டு. ஒன்றில் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். இன்னொன்றில் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், தகடு உணவுக்குழாயை முட்டுகிறதா என்பதும் அதில் ஓரளவு தெரியலாம். அரசு ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்), செலவுக்குப் பயந்து தள்ளிப்போடத் தேவையில்லை. சில நாளைக்கு மூக்கில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும், உடம்புக்கும் சத்து போகும்.

தேறி வரும்போது ஒரு நேரத்தில் ஒரு பதத்தை மட்டும் மாற்றுங்கள். புதியதை மதியம் கொடுத்துப் பாருங்கள், அப்போது அவருக்கும் தெம்பு இருக்கும், நமக்கும் கவனம் இருக்கும். இரவில் பழைய பதத்துக்கே போய்விடலாம். இரண்டு மூன்று நாள் இருமல், சிக்கல் இல்லை என்றால் அடுத்தது. எங்கள் வீட்டில் முதலில் குழைந்த சோறு வந்தது, அப்புறம் ஊறவைக்காத இட்லி, அப்புறம் மீன் துண்டு. ரொட்டி சானாய், ஆட்டிறைச்சி, பெரிய மாத்திரை மூன்றும் கடைசியாக வந்தன. இப்போதும் ரொட்டி சானாயைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் பருப்பில் நனைத்துத்தான் சாப்பிடுகிறார்.